வெள்ளை நாடாவில் எழுதிய எண்

தவநாயகி அன்ரி எந்த எண்ணையும் ஒரு தடவை பார்த்ததோடு நம்பமாட்டார். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை என் வாயிலிருந்து எடுத்தால், ஒருமுறை பார்ப்பார். பிறகு முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்ப்பார். பிறகுதான் மறுபடி வெப்பமானியைப் பார்த்து, எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்லுவார். நாங்கள் இருந்த பார்க்கிங் என்ற கிழக்கு லண்டன் ஊரின் ஸ்டேஷனில் அடுத்த ரெயில் எத்தனை நிமிடத்தில் என்று காட்டும் பலகையையும், மீன்கடைத் தராசையும், மின்சார மீற்றரையும் அப்படித்தான் பார்ப்பார். எனக்கு ஐந்து வயதில் கண்ணில் பட்ட பழக்கம் இது. இருபத்தைந்து வயதுவரை அதில் ஒரு மாற்றமும் காணவில்லை.

அம்மா பகிடி பண்ணுவார். "தவமக்கா, ரெண்டாம் தரம் பாத்தால் மீன் நிறை கூடுமோ?"

"கூடாது. முதல் தரம் பாக்கேக்கை என்ரை கண் தனக்கு வேணுமெண்டதைப் பாத்திடும். அதுதான்."

"அப்ப கலியாணத்துக்கு முதலும் ரெண்டு தரம் பாத்திருக்கலாம்."

"அதுக்கு உன்ரை மனுசனை நீ எத்தினை தரம் பாத்தனி எண்டு சொல்லு, நான் பிறகு சொல்லுறன்."

இருவரும் குசினியில் நின்று சிரிப்பார்கள். அன்ரியின் அந்தத் திருமணம் நாலு வருடம்தான் நீடித்தது என்பதும், அவர் விம்பிள்டனில் இருந்த வீட்டை விட்டு ஒரு பையோடு வெளியேறினார் என்பதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் தன்னைப்பற்றிச் சொன்ன தகவல்களை ஒரு தாளின் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். உயர்தரத்தில் கணிதம் படித்தவர். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த மாதத்தில் குடும்பம் இடம்பெயர்ந்தது. கடிதத்தைப் பிறகு யாரும் தேடவில்லை. 1991இல் லண்டன் வந்தார். மணமுறிவுக்குப் பிறகு கிழக்கு லண்டனில் உறைந்த மீன் வைக்கும் குளிர்க்கிடங்கொன்றில் ஏழு வருடம் வேலை செய்தார். மணித்தியாலத்துக்கொருமுறை ஒவ்வொரு அறையின் குளிரையும் பார்த்து அட்டையில் எழுதுவது அங்கே அவருடைய வேலை. 2003இல் நகரின் நடுவிலுள்ள ஒரு கல்லூரியின் புவியியல் பிரிவுக்கு, நிலவறையிலிருந்த குளிரறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அந்த அட்டைகளைக் காட்டித்தான் வேலை எடுத்தார். அடுத்த வருடம் எங்கள் வீட்டு மாடியிலுள்ள பொக்ஸ் ரூமில் வாடகைக்கு வந்தார். ஒரு கட்டில், ஒரு அலமாரி, கதவை முழுதாகத் திறக்க இடமில்லை. கடைசிவரை அங்கேதான் இருந்தார்.

அந்தக் கல்லூரியில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், "ஐஸ் உடைக்கிறன்" என்பார். நாங்கள் அதைப் பகிடி என்று நினைத்தோம். அது உண்மை.

உயர்ந்த மலைகளின் செங்குத்தான பாறைச் சுவர்களுக்குள் சில இடங்களில் வருடக்கணக்காகக் கரையாத குளிர் இருக்கிறது. கோடையில் மேல் தோல் சூடானாலும் உள்ளே பூச்சியத்துக்குக் கீழேதான். பாறையின் வெடிப்புகளுக்குள் இருக்கும் பனிக்கட்டி, உடைந்த சுவரைச் சீமெந்து போலப் பிடித்து வைத்திருக்கிறது. உலகம் சூடாக அந்தப் பிடி தளர்கிறது. ஆனால் வெளியில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பனி மூடிய பாறை உள்ளே உறையாமல் இருக்கலாம். வெயில் படும் வெறும் பாறை உள்ளே உறைந்திருக்கலாம். ஆகவே சுவரில் துளையிட்டு, சட்டைத் தெறியை விடக் கொஞ்சம் பெரிய உருக்குக் குமிழ் ஒன்றை உள்ளே வைத்து மூடுவார்கள். அதற்குள் வெப்பத்தைத் தானே பதிந்துகொள்ளும் கருவி இருக்கும். ஒரு வருடம் கழித்துக் கயிற்றில் தொங்கி அதை வெளியே எடுப்பார்கள். பல சுவர்களின் கணக்கையும், உயரத்தையும், வெயில் படும் திசையையும் சேர்த்துத்தான் எங்கே உறைந்திருக்கிறது, எங்கே இல்லை என்று வரைபடம் வரைய முடியும்.

அந்தக் குமிழ்கள் மலையிலிருந்து ஒவ்வொரு செப்ரெம்பரும் ஒரு பெட்டியில் லண்டனுக்கு வந்தன. இத்தாலியின் வடக்கில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே மலையேறுபவர்கள் தங்கும் விடுதியொன்றை நடத்திய ரெனாத்தோ என்பவர்தான் அவற்றை எடுத்து அனுப்புவார். அன்ரி அவற்றைப் பரிசோதிப்பார். வடித்த நீரைத் தட்டுகளில் உறைய வைத்து, துணியில் கட்டி, மரக்கட்டையால் அடித்து நொறுக்கி, கோயில் அன்னதானத்துக்குச் சோறு கொண்டுபோகும் பெரிய சூடாறாப் பெட்டியில் நிரப்புவார். இடைவெளிகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுவார். பனிக்கட்டியும் தண்ணீரும் சேர்ந்து நிற்கும் அந்தச் சேறு சரியாகப் பூச்சியம் பாகை. குமிழ்களை அதற்குள் நாலு மணித்தியாலம் அமிழ்த்தி வைப்பார். பூச்சியத்தில் நிற்கும்போது ஒவ்வொரு குமிழும் என்ன சொல்கிறது என்பதை வெள்ளை நாடாவில் எழுதி அதன் முதுகில் ஒட்டுவார். பிறகு அவை மலைக்குத் திரும்பிப் போகும். ஒருமுறை ஐஸ் இயந்திரம் பழுதாகி, கடையில் வாங்கிய ஐஸ்கட்டியில் செய்தார். அது பூச்சியத்தைக் கொஞ்சம் தள்ளிவிடும் உப்புக் கலந்த குழாய்த்தண்ணீரில் செய்தது என்று பிறகு தெரிந்ததும், அறுபது குமிழ்களையும் மறுபடி முதலிலிருந்து செய்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். புவியியலும் புள்ளிவிவரமும் படித்தேன். 2021இல் அதே கல்லூரியில், அதே பிரிவில், வரைபட வேலைக்குத் தரவு உதவியாளராக ஒரு தற்காலிக வேலை வந்தது. அன்ரி அதற்கு ஒரு சொல்லும் சொல்லி உதவவில்லை. நான் விண்ணப்பித்ததே அவருக்குப் பிறகுதான் தெரியும். வேலை கிடைத்த செய்தியை வீட்டில் சொன்னபோது அம்மா அழுதார். அன்ரி என்னை மாடிப்படியில் நிறுத்தினார்.

"கஜி, ஒண்டு சொல்லுறன். அங்க நான் உனக்கு அன்ரி இல்லை."

"பிறகு?"

"தவா. எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுறவை."

"உங்களை நான் என்னெண்டு பேர் சொல்லிக் கூப்பிடுறது?"

"அப்ப கூப்பிடாதை."

"ஏன் அன்ரி இப்பிடி?"

"தமிழாக்கள் தங்கடை ஆக்களைக் கொண்டந்து நிரப்பினம் எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாது. நீ படிச்சு வந்தனி. என்னாலை வந்தனி எண்டு கதை வரக்கூடாது. விளங்குதோ?"

விளங்கியது. கூடவே, அவர் சொன்னது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மேல்மாடியில் முனைவர் பட்டக்காரர்களோடு உட்காரப்போகும் நான், நிலவறையில் ஐஸ் உடைக்கும், பட்டம் இல்லாத ஒரு பெண்ணின் வீட்டுப் பிள்ளையாக அறியப்பட விரும்பவில்லை. அவர் எனக்காக அந்த ஏற்பாட்டைச் செய்தார் என்று சொல்லிக்கொண்டே, எனக்கு வசதியான பங்கை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடம் பார்க்கிங்கிலிருந்து ஒரே ரெயிலில் வெவ்வேறு பெட்டியில் போனோம். இரவில் ஒரே மேசையில் புட்டுச் சாப்பிட்டோம். கல்லூரியில் அவரை நான் எந்தப் பெயராலும் கூப்பிட்டதில்லை. ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

பிழை அங்கே நடந்தது.

பிரிவின் தலைவர் சுலோச்சனா, சென்னையிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். எனக்கு முன்பு பதினைந்து வருடம் அந்தக் கணக்கை அவரே செய்திருந்தார். அன்ரிக்கும் அவருக்கும் ஒரு விளையாட்டுச் சண்டை எப்போதும் இருக்கும். சுலோச்சனா குமிழைப் பட்டன் என்பார், அன்ரி தெறி என்பார். "எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம், தவா" என்று அவர் சொன்னால், "உங்கடை ஊரிலை எல்லாத்துக்கும் வேறை அர்த்தம்தான்" என்பார் அன்ரி. வேலையை என்னிடம் ஒப்படைத்த வாரத்தில் சுலோச்சனாவுக்கு மூன்று கூட்டங்கள் இருந்தன. கோப்புகள் எங்கே என்று காட்டினார். நாடாவில் எண் இருக்கும், அதை எடுத்துக்கொள் என்றார். போய்விட்டார்.

நாடாவில் 0.31 என்று இருந்தது. நான் படித்த இடத்தில், கருவியின் மேல் ஒரு எண் எழுதியிருந்தால் அது திருத்தம், வாசிப்போடு கூட்டவேண்டும். அன்ரி எழுதியது திருத்தம் அல்ல. பூச்சியத்தில் நிற்கும்போது அந்தக் குமிழ் 0.31 என்று சொல்கிறது, அவ்வளவு அது கூடுதலாகச் சொல்லும் என்பதுதான் அவர் எழுதியது. அதைக் கழிக்கவேண்டும். இருபது வருடமாக அவர் அப்படித்தான் எழுதினார். நிலவறைக்கு இருபத்தெட்டுப் படிகள். நான் இறங்கிக் கேட்கவில்லை. இரவில் புட்டைப் பிசைந்துகொண்டு, "அன்ரி, அந்த எண்ணைக் கூட்டுறதோ கழிக்கிறதோ?" என்று கேட்டிருக்கலாம். வீட்டில் கல்லூரிக் கதை பேசுவதில்லை என்பதும் எங்கள் ஏற்பாட்டில் ஒன்றாகிவிட்டிருந்தது.

பழைய குமிழ்களில் சில கூடச் சொல்லும், சில குறையச் சொல்லும். அவற்றோடு மட்டும் வேலை செய்திருந்தால் பிழை ஒன்றையொன்று அடித்துப் போயிருக்கும். ஆனால் 2020இல் வாங்கிய புதிய தொகுதி முழுவதும் ஏறக்குறைய 0.3 கூடவே சொன்னது. கழிக்கவேண்டியதைக் கூட்டியதால் 0.6 பாகை பிழை. மலையில் நூறு மீற்றர் ஏறினால் குளிர் கிட்டத்தட்ட அவ்வளவுதான் மாறும். உறைந்த பாறை தொடங்கும் கோட்டை நான் நூறு மீற்றர் மேலே தூக்கி வைத்துவிட்டேன். புதிய குமிழ்கள் எல்லாம் வைக்கப்பட்டிருந்தது ரெனாத்தோவின் விடுதிக்குப் போகும் வழிக்கு மேலே.

அந்த ஊர்ச்சபை எங்கள் வரைபடத்துக்காகக் காத்திருந்தது. விடுதிக்கு இரண்டு வழிகள்: ஏரியைச் சுற்றும் நீண்ட வழி, வடகிழக்குச் சுவரின் கீழால் போகும் குறுக்கு வழி. சுவருக்குள் பூச்சியத்தை அண்டிய பனிக்கட்டி இருந்தால் குறுக்கு வழி ஆபத்து. இல்லையென்றால் கரைய ஒன்றுமில்லை. 2022 வசந்தத்தில் நாங்கள் அனுப்பிய வரைபடத்தில் அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் உள்ளே பனிக்கட்டி இல்லை. குறுக்கு வழியைத் திறந்தார்கள். இரண்டு கோடைகள் மக்கள் அதன் கீழால் நடந்தார்கள்.

2023 செப்ரெம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை அன்ரி மேல்மாடிக்கு வந்தார். என் மேசையருகே நின்றார். கையில் ஒரு சிறிய காகிதத்துண்டு. ரெனாத்தோ ஒவ்வொரு வருடமும் பெட்டிக்குள் துண்டுகள் எழுதிப் போடுவார். அன்ரியும் திருப்பி எழுதி அனுப்புவார். இருவரும் ஒருநாளும் சந்தித்ததில்லை.

"கஜி, பதினேழாம் நம்பர் எங்க இருக்கு?"

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யாராவது கேட்டுவிட்டார்களா என்று நான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

"பாதைக்கு மேலை. வடகிழக்குச் சுவர்."

"வருசச் சராசரி?"

"0.42. பூச்சியத்துக்கு மேலை."

"அப்ப உள்ளுக்கு ஐஸ் இருக்க ஏலாது."

"ஏலாது."

காகிதத்துண்டை மேசையில் வைத்தார். பதினேழாம் துளைக்குள் பனிக்கட்டி பிடித்திருந்தது, கையால் சூடாக்கித்தான் குமிழை எடுத்தேன், ஓகஸ்ட் 20 என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"மழைத்தண்ணி பிறகு உறைஞ்சிருக்கும்" என்றேன்.

"ஓகஸ்டிலை, பூச்சியத்துக்கு மேலை நிக்கிற பாறைக்குள்ளை?" அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் நாடாவிலை எழுதுறதை நீ என்ன செய்யிறனி?"

"கூட்டுறன்."

அவர் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"திரும்பச் சொல்லு."

"கூட்டுறன், அன்ரி."

"அது கழிக்கிறது, பிள்ளை."

நான் கணினியில் ஒரு குறியை மாற்றினேன். 0.42 இருந்த இடத்தில் −0.20 வந்தது. திரையில் அந்தச் சுவர் வெளிர் நீலமானது. வெளிர் நீலம்தான் எல்லாவற்றிலும் மோசமான நிறம். பனிக்கட்டி இருக்கிறது, கரையும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அன்ரி என்னை எழுப்பி மாடிப்படிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"நான் சுலோச்சனாவோடை கதைக்கிறன். இப்பவே. நீ வாயைத் திறக்காதை."

"பிழை என்ரை, அன்ரி."

"நீ கேட்டிருக்கோணும். நான் சொல்லியிருக்கோணும். உன்ரை ஒப்பந்தம் எப்ப முடியுது?"

"வாற மாசம்."

"எனக்கு ஏப்ரிலோடை பென்ஷன். என்னை இனி என்ன செய்யப்போகினம்? ஐஸ் உடைக்க வேண்டாம் எண்டுவினமோ?" சிரிக்கப் பார்த்தார். "வா."

சுலோச்சனாவின் அறையில் நாங்கள் மூவரும்தான்.

"உக்காருங்க தவா, என்ன ஆச்சு?"

"நான் இருக்கேல்லை. சொல்லிப்போட்டுப் போறன். 2020இலை வாங்கின தெறியளுக்கு நாடாவிலை மாறி எழுதிப்போட்டன். கழிக்கிறதைக் கூட்டுற மாதிரி. வடகிழக்குச் சுவர் வெள்ளை இல்லை. அந்தப் பாதையை உடனை மூடச் சொல்லோணும்."

சுலோச்சனா என் பக்கம் திரும்பினார். "கஜந்தினி, நீ நாடால இருந்ததைத்தானே போட்ட?"

"ஓம்" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

ஐந்து நிமிடத்தில் சுலோச்சனா ஊர்ச்சபைக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த நாள் காலையில் பாதை மூடப்பட்டது. அந்த விடயத்தில் ஒருவரும் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்கவில்லை. திருத்திய வரைபடம் இரண்டு வாரத்தில் போனது. கூடவே ஒரு குறிப்பு: ஆய்வுகூடத்தில் கருவிகளுக்குக் குறியிட்டதில் நேர்ந்த பிழை. பெயர் இல்லை. ஆனால் குறியிடும் ஆள் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கல்லூரி ஒரு முடிவெடுத்தது. இனிப் பரிசோதனையை வெளி நிறுவனமொன்றிடம் கொடுப்போம். அன்ரியின் கடைசி ஆறு மாதங்கள் தட்டுக் கழுவுவதிலும் குளிரறைக் கதவின் ரப்பரைத் துடைப்பதிலும் போயின. சூடாறாப் பெட்டியை யாரோ காகிதங்கள் போட எடுத்தார்கள். நான் ஒருநாள் படியிறங்கிப் போனேன். கை உறைகளோடு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"தவா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன், பகிடியாக.

"ஆர் அது, மரியாதை இல்லாமல்?" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து, "மேலை போ பிள்ளை. ஆரும் பாப்பினம்" என்றார்.

என் ஒப்பந்தத்தை இரண்டு வருடத்துக்கு நீட்டித்தார்கள். வீட்டில் அம்மா பாற்சோறு செய்தார். அன்ரி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். நான் என் தட்டிலிருந்த சோற்றைத் தொடவில்லை என்பதை அவர் பார்த்தார். நான் ஏன் அன்றைக்கே சுலோச்சனாவிடம் போகவில்லை? அன்ரி தடுத்தார் என்பது ஒரு காரணம். அவரே பாரத்தை எடுத்த பிறகு நான் போய்ச் சொன்னால் அவரைப் பொய்யராக்குவேன் என்பது இன்னொன்று. காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் என்னை அதே கதிரையில்தான் உட்கார வைத்தன.

2024 ஓகஸ்டில் கல்லூரி முகவரிக்கு அன்ரியின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. அவர் ஓய்வு பெற்றிருந்ததால் நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ரெனாத்தோ எழுதியிருந்தார். அன்ரி குசினி மேசையில் வைத்து வாசித்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி வாசித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

எளிமையான ஆங்கிலம். ஜூலையில் அந்தச் சுவரிலிருந்து ஒரு அறை அளவு பாறை இறங்கியது. பாதை மூடியிருந்தது, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அதற்கு நன்றி. ஆனால் அதற்கு முன்பு இரண்டு கோடைகள் என் மகள் அந்த வழியால் ஆட்களைக் கூட்டிச் சென்றாள். அவள் பெயர் சொல்லி நான் இரவில் எழும்புகிறேன். நீங்கள் நாடாவில் பிழையாக எழுதினீர்கள் என்று சபை சொல்கிறது. பதினேழு வருடமாக உங்கள் நாடாக்கள் என் கையால்தான் போகின்றன. நீங்கள் எழுதும் விதம் ஒருநாளும் மாறவில்லை, 2020இலும் மாறவில்லை. என்னிடம் இருந்த ஒன்றை நான் பனிச்சேற்றில் வைத்துப் பார்த்தேன், நாடாவில் உள்ளதையே அது சொன்னது. ஆகவே பிழை உங்கள் நாடாவில் இல்லை. எங்கே நடந்தது? கோபத்தில் கேட்கவில்லை. எனக்குத் தெரியவேண்டும். உங்களிடமிருந்து தெரியவேண்டும்.

"நான் எழுதுறன், அன்ரி" என்றேன். "நானே சொல்லுறன் அவருக்கு."

"உன்னட்டை அவர் கேக்கேல்லை."

"பிறகு என்ன எழுதப்போறியள்?"

"யோசிக்கிறன்." கடிதத்தை மடித்தார். "அந்த மனுசனுக்கு நான் பொய் எழுத ஏலாது, கஜி. எல்லாருக்கும் சொல்லலாம். அவருக்கு ஏலாது."

செப்ரெம்பர் போனது, ஒக்ரோபர் போனது. கந்தசஷ்டிக்கு ஆர்ச்வே முருகன் கோயிலுக்கு ஆறு நாளும் போய் வந்தார். ஒருநாள் மாடிப்படியில் நான் கேட்டேன், கடிதம் போய்விட்டதா என்று. "எழுதிக்கொண்டிருக்கிறன்" என்றார். ஜனவரியில், ஒரு காலை, தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். பேச்சு வரவில்லை. வலது கை அசையவில்லை. நான் பக்கத்தில் இருந்து கடிதத்தைப்பற்றிச் சொல்லத் தொடங்கினேன். நர்ஸ் வந்தார், நிறுத்தினேன். பிறகு சொல்லக் கிடைக்கவில்லை.

தகனத்துக்குச் சுலோச்சனா வந்தார். கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். எங்கள் ஆட்கள் நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் வாசலருகே நின்றார். எல்லாம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது அவரிடம் போய்ச் சொன்னேன். நாடா சரி, கூட்டியது நான்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும்மா. பதினஞ்சு வருஷம் அந்த நாடாவைப் படிச்சவ நான்."

"பிறகு ஏன் பேசாமல் இருந்தீங்க?"

"உனக்குச் சொல்லிக் குடுக்காம ஒப்படைச்சது யாரு? நான்தானே." அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவங்க நீட்டினாங்க. நான் வாங்கிட்டேன்."

மார்ச்சில் அந்தக் குறிப்பைத் திருத்தினார்கள். குறியிட்டதில் பிழை என்பதை எடுத்துவிட்டு, தரவைக் கையாண்டதில் பிழை என்று போட்டார்கள். நான் கையெழுத்திட்டேன். ஊர்ச்சபைக்கும் ஒரு பிரதி போனது. ரெனாத்தோ அதைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. விடுதி நடத்துபவருக்குச் சபைக் காகிதங்கள் எல்லாம் போவதில்லை. போயிருந்தாலும் அவர் கேட்டது அது இல்லை.

பொக்ஸ் ரூமை ஒழுங்குபடுத்தியபோது அலமாரியில் ஒரு எழுதும் அட்டை கிடைத்தது. மூன்று தாள்கள். முதலாவது: "அன்புள்ள ரெனாத்தோ, நீங்கள் சொன்னது சரி, என் நாடாவில் பிழை இல்லை. அந்த எண்ணைக் கூட்டியது" என்பதோடு நிற்கிறது. இரண்டாவது வேறு விதமாகத் தொடங்கி, மகளைப்பற்றி இரண்டு வரி எழுதி, "அந்த எண்ணைக் கூட்டியவர்" என்ற இடத்தில் நிற்கிறது. மூன்றாவதில் "பிழை என்னுடையதுதான்" என்று எழுதி, அதைக் குறுக்கே வெட்டியிருந்தார். கீழே திகதி: டிசெம்பர் 29. உண்மையை எழுதினால் என் பெயரை எழுதவேண்டும். எழுதாவிட்டால் பொய். நாலு மாதம் அவர் அந்த இடத்தைத் தாண்டவில்லை.

நான் இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். இரண்டும் என்னைப்பற்றிய கடிதங்களாக வந்தன: என் படிப்பு, என் பயம், என் ஒப்பந்தம். அந்த மனிதருக்கு அவை எதற்கு? பதினேழு வருடம் பெட்டிக்குள் துண்டுகள் எழுதி அனுப்பிய பெண்ணிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார். அன்ரி இறந்துவிட்டார் என்பதைக்கூட இன்னும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. தவநாயகி அன்ரி ரெனாத்தோவுக்குக் கொடுக்கவேண்டிய அந்தப் பதில் இன்னும் போகவில்லை.